தொன்னுக்கு ஒரு கிராம்கூட வேண்டாத உப்பு

கலஹா, தெல்தோட்டை, புசல்லாவைப் பக்கம் பசு கன்று போட்டு ஒரு பகல் கழிந்தும் இளங்கொடி விழவில்லை என்றால் முன்பு மூங்கில் இலையை ஒடித்து வந்து கொடுப்பார்கள். இப்போது எல்லோர் வாயிலும் ஒரு ஊசி. "அந்த செலினியம் ஊசி நல்லாக் கேக்குதுங்கய்யா. கன்னு போட முந்தியே குத்திட்டா கொடி தானா விழுந்துரும்" என்று பால் ஊற்ற வருகிறவர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது முழுப் பொய் இல்லை. செலீனியம் குறைந்த பட்டியில் கன்று போடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முந்தி விற்றமின் ஈயும் செலீனியமும் சேர்ந்த ஊசியைப் போட்டால் கொடி தங்குவது குறையும் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் சத்துக் குறையாத மாட்டுக்கு அதனால் ஒரு பலனும் இல்லை. கொடி தங்கிய பிறகு குத்தினாலும் அது கொடியைப் பிடித்து இழுத்துவிடாது. இந்த இரண்டு வாக்கியத்தையும் பால் வரிசையில் யாரும் சொல்வதில்லை.

நான் கண்டி மாவட்டத்தில் கால்நடைப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். குண்டசாலையில் படித்தவன், மிருக வைத்தியன் அல்ல. சினை ஊசி போடுவது, தடுப்பூசிக்கு மாட்டைப் பிடித்து நிறுத்துவது, மாட்டுக் கடனுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் என் வேலை. அந்த ஊசியை விற்கக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அதன் அளவைத் தோட்டத்து மனிதருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள், போடுவதற்கு முன் நம் மலைநாட்டு மாட்டின் இரத்தத்தை ஒருமுறை அளந்து பாருங்கள் என்கிறேன். அந்தப் போத்தலுக்குள் இருக்கிற பொருள் அப்படிப்பட்டது.

அதன் பெயர் சோடியம் செலனைற்று. செலீனியம் ஈரொட்சைட்டை எரிசோடாவில் கரைத்து எடுக்கிற உப்பு. செலீனியமோ பெரும்பாலும் செம்பைச் சுத்திகரிக்கும்போது அடியில் தங்குகிற சேற்றிலிருந்து வருவது. பார்க்கக் கறியுப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும், வாசனை கிடையாது, தண்ணீரில் சுலபமாகக் கரையும். ஈரத்தை வாங்கிய பளிங்கும் உண்டு, உலர்ந்த தூளும் உண்டு. உலர்ந்த தூள் 100 கிராமில் செலீனியம் 45.7 கிராம், ஐந்து நீர் மூலக்கூறு சேர்ந்த பளிங்கில் 30 கிராம்தான். இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1817இல் சுவீடனில் பேர்சீலியஸ் என்ற இரசாயனவியலாளர் கந்தக அமிலத் தொழிற்சாலைச் சேற்றில் செலீனியத்தைக் கண்டுபிடித்தார். அதன்பின் நெடுங்காலம் உடம்புக்கு அது நஞ்சு என்று மட்டுமே உலகம் அறிந்திருந்தது. 1957இல் கிளவுஸ் சுவார்ஸ் என்பவர் மிகச் சொற்ப அளவு செலீனியம் எலியின் ஈரல் அழுகாமல் காக்கிறது என்று காட்டினார். 1973இல், உடலின் கலங்களை ஒட்சியேற்றச் சேதத்திலிருந்து காக்கிற ஒரு நொதியத்தின் நடுவிலேயே செலீனியம் உட்கார்ந்திருப்பது தெரியவந்தது. கன்றும் ஆட்டுக்குட்டியும் எழுந்து நிற்க முடியாமல் கால் பின்னி விழுகிற, அறுத்துப் பார்த்தால் தசை வெளுத்துக் கிடக்கிற நோய்க்கு இந்தக் குறைதான் காரணம் என்பதும் அந்தக் காலத்தில்தான் தெளிவானது.

வேறு உபயோகங்களும் உண்டு. மணலில் இருக்கிற இரும்பினால் கண்ணாடிக்கு வருகிற பச்சைச் சாயலைப் போக்க இதைச் சேர்ப்பார்கள். ஆய்வுகூடத்தில் நெருப்புக் காய்ச்சல் கிருமியைத் தேடும்போது, மலத்தை முதலில் செலனைற்று கலந்த ஊடகத்தில் ஓர் இரவு வைப்பார்கள். லீற்றருக்கு நாலு கிராம். மற்றக் குடல் கிருமிகள் அதில் அடங்கிப்போகும், சல்மொனெல்லா தலைதூக்கும். கோழிப் பண்ணைகளிலிருந்து மாதிரி கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில் அந்தக் குழாய்களைப் பார்த்திருக்கிறேன். வெளிர் மஞ்சளாக இருந்தது மறுநாள் செங்கல் நிறத்தில் அடியில் படிந்திருக்கும். கிருமி உப்பைத் திரும்பவும் வெறும் செலீனியமாக்கிவிட்டது என்று அர்த்தம். அங்கே வேலை செய்த பெண்பிள்ளை ஒருவர் கர்ப்பமான உடனே அவரை அந்த மேசையிலிருந்து மாற்றிவிட்டார்கள். கருவுக்குக் கேடு என்கிற அச்சம். ஆய்வுகூடத்தில் இவ்வளவு பயந்து கையாள்கிற உப்பைத்தான் நாங்கள் மாட்டுக்காலையில் சீசீ கணக்கில் பேசுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். மாட்டுத் தீவனத்தில் சேர்க்கக்கூடிய செலீனியத்துக்கு அமெரிக்காவில் விதித்திருக்கிற எல்லை பத்து இலட்சத்தில் 0.3 பங்கு. அதாவது ஒரு தொன் தீவனத்துக்கு 0.3 கிராம் செலீனியம். உலர்ந்த செலனைற்றாகச் சொன்னால் கிட்டத்தட்ட 0.66 கிராம். ஒரு தேக்கரண்டியில் ஐந்து கிராம் அள்ளினால் ஏழு தொன் தீவனத்துக்குப் போதும். அதனால்தான் தீவன ஆலையில் இதை நேரடியாகக் கொட்டுவதில்லை. முதலில் சுண்ணாம்புத் தூளிலோ தவிட்டிலோ கலந்து ஐதாக்கி, அந்தக் கலவையை இன்னொரு கலவையில் சேர்த்து, பிறகுதான் பெரிய கலவை இயந்திரத்துக்குப் போகும். வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து மண்வெட்டியால் கலக்கிற வேலை இல்லை இது. "செலீனியத் தூள் மலிவாக் கிடைக்குது, நாமளே கலந்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்த மனிதரின் தீவனத்தை வாங்காதீர்கள்.

ஊசி இதைவிடச் சிக்கல். வெளிநாட்டு மருந்துகளில் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் செலீனியம் உள்ள போத்தலும் உண்டு, ஐந்து மில்லிகிராம் உள்ள போத்தலும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். போதாததற்கு, சில லேபிளில் செலீனியத்தின் எடை போட்டிருக்கும், சிலவற்றில் செலனைற்றின் எடை. மேலே சொன்ன 45.7, 30 என்ற எண்கள் தெரியாமல் இதற்கும் அதற்கும் ஒப்பிடவே முடியாது. வழக்கமான அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் செலீனியம் அளவில்தான். பத்துக் கிலோ ஆட்டுக்குட்டிக்கு அரை மில்லிகிராம். பெரிய மாட்டுக்கு வாங்கிய ஐந்து மில்லிகிராம் போத்தலிலிருந்து, "குட்டிதானே, ரெண்டு சீசீ போதும்" என்று குத்தினால் உள்ளே போவது பத்து மில்லிகிராம். இருபது மடங்கு. ஊசியாகப் போடும்போது கிலோவுக்கு ஒரு மில்லிகிராமை எட்டுவதற்கு முன்பே ஆடு செத்துப்போகலாம்.

அப்படி ஒரு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். தெல்தோட்டைக்கு மேலே ஒரு டிவிஷன். மாட்டுக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறதே என்று, வீணாக்க மனமில்லாமல், இரண்டு குட்டிகளுக்குப் போட்டிருந்தார்கள். குட்டிகள் வாய் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தன. முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தால் உள்ளிப்பூடு நாற்றம். உடம்பு செலீனியத்தை ஆவியாக்கி மூச்சோடு வெளியேற்றும்போது வருகிற நாற்றம் அது. மாற்று மருந்து என்று ஒன்று கையில் இல்லை. அந்த வீட்டு அம்மா போத்தலை எடுத்து வந்து, "இதில எங்கய்யா எழுதியிருக்கு?" என்று கேட்டார். எழுதித்தான் இருந்தது. ஆங்கிலத்தில், எறும்பு வரிசை மாதிரி எழுத்தில், கடைசி மடிப்பில். விற்ற கடை எது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எந்தக் கடையாக இருந்தாலும் அந்தக் கடதாசி அதே கடதாசிதான்.

படித்தவர்கள் கையிலும் இது நடக்கும். 2009 ஏப்ரலில் புளோரிடாவின் வெலிங்டன் நகரில் போலோ போட்டிக்கு வந்த ஒரு வெனிசுவேலா அணியின் குதிரைகள் 21 அடுத்தடுத்துச் செத்தன. மருந்தகம் ஒன்று கலந்து கொடுத்த விற்றமின் ஊசியில் செலீனியம் அளவுக்கு மிஞ்சிப்போயிருந்தது. கோடீஸ்வரர்களின் குதிரைகள், பக்கத்திலேயே வைத்தியர்கள். ஒரு எண் தவறியது, அவ்வளவுதான்.

இன்னொன்று, வரவுகள் ஒன்றோடொன்று கூடிக்கொண்டு போவது. பைத் தீவனத்தில் செலீனியம் சேர்த்திருப்பார்கள். கனியுப்புக் கலவையில் இருக்கும். மாட்டுக்காலையில் கட்டித் தொங்கவிட்டு மாடு நக்குகிற உப்புக்கட்டியிலும் இருக்கும். அதற்கு மேல் ஊசி. ஒவ்வொன்றையும் விற்கிறவர் தன்னுடையதை மட்டும் நினைத்துத்தான் அளவு சொல்வார். நாலையும் கூட்டிப் பார்க்கிற வேலை மாட்டுக்காரரின் தலையில் விழுகிறது. அவருக்கு அந்தக் கணக்குக்கான சொற்களையாவது கொடுத்திருக்கிறோமா?

சரி, நம் மண்ணில் செலீனியம் உண்மையிலேயே குறைவா? இதைப் பற்றிப் பேராதனையில் ஆளே இல்லாமல் இல்லை. பிரித்தானியப் புவிச்சரிதவியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோடைஸும் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.பி. திசாநாயக்கவும் மற்றவர்களும் சேர்ந்து 15 கிராமங்களில் மண், அரிசி, குடிநீர், பெண்களின் தலைமுடி ஆகியவற்றை எடுத்து அயடீனையும் செலீனியத்தையும் அளந்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது ஒரு முரண். கழுத்துக் கழலை அதிகமுள்ள கிராமங்களின் மண்ணில்தான் இரண்டும் அதிகமாக இருந்தன. ஆனால் களியும் உக்கலும் அவற்றை இறுகப் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்கு விடுவதில்லை. அந்தக் கிராமங்களில் 40 வீதமான பெண்களுக்கும், கழலை நடுத்தரமாகவும் குறைவாகவும் உள்ள மற்ற இரண்டு வகைக் கிராமங்களில் 24 வீதமானோருக்கும் செலீனியம் குறைந்திருக்கலாம் என்று முடியின் அளவு சொன்னது. வங்கியில் பணம் இருந்தும் கையில் காசில்லாத நிலை. மழை கழுவிய புளிப்பான சிவப்பு மண்ணில் வளர்கிற கினிப்புல்லையும் வேலியோரப் புல்லையும் அறுத்துப் போடுகிற நம் தோட்டத்து மாட்டுக்கும் அதே கதியாக இருக்க இடமுண்டு. இருக்கிறது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அளந்தால்தான் தெரியும் என்று அந்த ஆய்வே காட்டுகிறது: மண்ணை மட்டும் பார்த்திருந்தால் தலைகீழான முடிவுக்கு வந்திருப்பார்கள்.

கழுத்துக் கழலைக்கும் இதற்கும் தொடர்பு என்னவென்றால், தைரொயிட் சுரப்பி தயாரிக்கிற தைரொக்சினை உடம்பு உபயோகிக்கிற வடிவத்துக்கு மாற்றுகிற நொதியத்துக்கும் செலீனியம் வேண்டும். எண்பதுகளின் பிற்பாதியில் இந்த நாட்டுப் பாடசாலைகளில் பரிசோதித்தபோது ஏறத்தாழ ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குக் கழுத்தில் வீக்கம் இருந்தது. ஈரவலயம் முழுக்க அதன் ஆட்சிதான். 1995இல் உப்பில் அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். இன்று கண்டி பஸ்ஸில் கழுத்து வீங்கிய இளம்பிள்ளையைக் காண்பது அரிது. அரசாங்கம் உருப்படியாகச் செய்த காரியங்களில் அது ஒன்று. பொற்றாசியம் அயடேற்றைப் போலவே செலனைற்றையும் உப்பில் போட்டுவிட்டால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. என் பதில்: வேண்டாம். அயடீன் கொஞ்சம் கூடினால் பெரும்பாலானோரின் உடம்பு தாங்கும். செலீனியத்தில் அவ்வளவு இடைவெளி இல்லை. வளர்ந்த மனிதருக்கு ஒரு நாளைக்கு 55 மைக்கிரோகிராம் போதும். 400ஐத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க எல்லை. ஐரோப்பியர்கள் 2023இல் தங்கள் எல்லையை 255 ஆகக் குறைத்துவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊருக்கெல்லாம் கலப்பதற்கு இந்த வெளி போதாது.

செலனைற்று உப்பு உயிர் காத்த இடமும் உண்டு. சீனாவில் கெஷான் நோய் என்று ஒன்று, பிள்ளைகளின் இதயத்தைத் தாக்குவது. சிச்சுவான் மாகாணத்தில் 1974இல் வாரம் ஒரு சோடியம் செலனைற்று மாத்திரை கொடுத்த 4,510 பிள்ளைகளில் 10 பேருக்குத்தான் நோய் வந்தது. வெறும் மாத்திரை கொடுத்த 3,985 பேரில் 54 பேருக்கு வந்தது. மருத்துவ வரலாற்றில் இத்தனை தெளிவான கணக்கு அபூர்வம். ஆனால் அது செலீனியம் மிகக் குறைந்த பகுதி.

அந்தக் கதையைக் காட்டி இன்று கண்டியில் போத்தல் மாத்திரை விற்கிறார்கள்: முடிக்கு, தைரொயிட்டுக்கு, புற்றுநோய் வராமலிருக்க. 35,000க்கும் அதிகமான ஆண்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு, செலீனிய மாத்திரை புரொஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கவில்லை என்று 2008இலேயே சொல்லிவிட்டது. (அதில் கொடுத்தது செலனைற்று அல்ல, வேறொரு செலீனியச் சேர்வை.) அதே 2008இல் அதே நாட்டில் ஒரு சத்துப் பானத்தில் செலீனியம் லேபிளில் போட்டதைவிட 200 மடங்கு இருந்து, 200 பேருக்கு மேல் நோயாளியானார்கள்; பலருக்கு முடி கொட்டி நகம் நிறம் மாறியது. சத்துக்கென்று குடித்ததில் முடி போயிற்று.

மனிதருக்குச் செலீனியம் வேண்டுமானால் மீன், முட்டை, கருவாடு போதும். மலையகத்தில் தினமும் வேகிற மைசூர்ப் பருப்பும் உதவும். டில் தவராஜாவும் சகாக்களும் கனடாவின் சஸ்காச்சுவானில் விளைந்த பருப்பை அளந்து, கிலோவுக்கு 425 முதல் 673 மைக்கிரோகிராம் செலீனியம் இருப்பதாக 2008இல் எழுதினார்கள். இங்கே கடைக்கு வருகிற பருப்பில் கனடாப் பருப்பும் உண்டு. நெத்தலிக் கருவாடும் பருப்பும் சாப்பிடுகிற லயத்துக் குடும்பம் மாத்திரைக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மாடு கருவாடு தின்னாது. அதனால் மாட்டுக்குத்தான் இந்த உப்பு. கூடிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியப் பஞ்சாபின் ஹோஷியார்பூர், நவான்ஷகர் பக்கம் போய்ப் பார்க்கலாம். சிவாலிக் மலையிலிருந்து அடித்து வந்த மண்ணில் செலீனியம் மிகுந்து, தீவனம் தின்ற எருமையின் குளம்பு வெடித்துக் கழன்று, வால்மயிர் உதிர்கிறது. மறுபக்கம் பின்லாந்து, மண்ணில் குறைவென்று தெரிந்து 1984இல் முடிவெடுத்து, உரத்திலேயே செலீனியம் சேர்த்தது. அங்கே சேர்த்தது செலனைற்று அல்ல, செலனேற்று. சேர்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. பாலை, கோதுமையை, மனித இரத்தத்தை அளந்துகொண்டே இருந்து, அளவைக் கூட்டியும் குறைத்தும் திருத்தினார்கள்.

கண்டியைச் சுற்றி இதைச் செய்ய என்ன குறை? கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம். பேராதனையில் மிருக வைத்திய பீடம், புவிச்சரிதவியல் துறை, விவசாய பீடம். எல்லாம் ஒரு முச்சக்கர வண்டிக் கூலித் தூரம். கலஹா, நாவலப்பிட்டி, புசல்லாவை, ஹந்தானைத் தோட்டங்களில் சில பட்டிகளைத் தேர்ந்து இரத்தமும் புல்லும் எடுத்தால் ஒரு வருடத்தில் படம் தெரிந்துவிடும். செலீனியத்தை நேரே அளப்பது செலவு என்றால் செலீனியம் உட்கார்ந்திருப்பதாக 1973இல் தெரியவந்த அந்த நொதியத்தை இரத்தத்தில் அளக்கலாம். உலகில் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். முடிவு வருகிற வரைக்கும் பதிவு பெறுகிற ஒவ்வொரு செலீனிய ஊசிக்கும், தீவனப் பைக்கும், உப்புக்கட்டிக்கும் மூன்று வரி தமிழிலும் சிங்களத்திலும் கட்டாயமாக்கட்டும்: ஒரு மில்லிலீற்றரில் அல்லது ஒரு கிலோவில் செலீனியமாக எத்தனை மில்லிகிராம், எத்தனை கிலோ மாட்டுக்கு எவ்வளவு, ஆட்டுக்கு எவ்வளவு. செலனைற்றின் எடை அல்ல, செலீனியத்தின் எடை. தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் ஆட்சிமொழி. தீவனச் சட்டம் 1986இலிருந்து இருக்கிறது. புதிதாக எதுவும் கேட்கவில்லை.

மாடு வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை மிருக வைத்தியரிடம் போகும்போது வெறும் கையோடு போகாதீர்கள். தீவனப் பையின் லேபிளை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கனியுப்புப் பக்கற்றை, உப்புக்கட்டியைச் சுற்றிய தாளை, மிச்ச ஊசிப் போத்தலை எல்லாம் ஒரு பையில் போடுங்கள். எடையைக் கணிக்க மாட்டின் நெஞ்சுச் சுற்றளவைத் தையல் நாடாவால் அளந்து ஒரு துண்டில் எழுதுங்கள், கடைசியாக ஊசி போட்ட திகதியையும் எழுதுங்கள். அத்தனையையும் மேசையில் பரப்பி, "எல்லாத்தையும் கூட்டினா எவ்வளவு செலீனியம்?" என்று கேளுங்கள். மிச்ச மருந்தைக் குட்டிக்குப் போடாதீர்கள்.